மூன்று இஞ்ச் புறம்போக்கு

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் "ஏனுங்க கோமளா, பொம்பளைக்கு இத்தனை கோவம் ஆகுமுங்களா?" என்று யாரும் கேட்க வேண்டாம். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். முன்பக்கம் லேத் ஓடும். பின்பக்கம் மோட்டாருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். நடுவில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் நானும் கம்ப்யூட்டரும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபேன், அதுவும் கம்ப்யூட்டர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

தொண்ணூற்றெட்டில் அந்த அறைக்கு இன்டர்நெட் வந்தது. வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எங்கள் மொதலாளி சென்னிமலைக் கவுண்டர் போட்டார். எகிப்தில் இருந்து ஒருத்தன் இரண்டு எச்.பி. பம்ப் பற்றி விசாரித்தான். நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். அதோடு அவன் போனவன்தான். அதற்கப்புறம் அந்த இன்டர்நெட்டுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, மொதலாளி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது.

கதை காங்கேயம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. மொதலாளிக்கு அங்கே பதினாறு ஏக்கர் தோட்டம். பக்கத்துத் தோட்டம் செங்கோட்டையன் என்பவருடையது. இரண்டுக்கும் நடுவில் பதினோரு அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அது என்னுது என்று இவர், என்னுது என்று அவர். கேஸ் பதினேழு வருஷமாக நடந்தது. வக்கீல் மாறினார்கள், ஜட்ஜ் மாறினார்கள், வரப்பு மட்டும் அங்கேயே கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நல்லது கெட்டதுக்குக் கூடப் போக மாட்டார்கள்.

அப்படி இருக்கும்போது அந்த வருஷம் புரட்டாசியில் செங்கோட்டையனே ஆள் விட்டு அனுப்பினார். அமெரிக்காவில் இருக்கும் தன் மகன் கிருபாசங்கருக்கு எங்கள் மொதலாளி மகள் பூங்கோதையைக் கேட்டு. கல்யாணம் முடிந்தால் இரண்டு பேரும் கேஸை வாபஸ் வாங்குவது, அந்தப் பதினோரு அடியைப் பொண்ணு மாப்பிள்ளை பேரில் எழுதி வைப்பது என்று பேச்சு. குலக் கூட்டமும் வேறு வேறு, அதனால் கட்டிக்கொள்ளத் தடையில்லை, பொருத்தமும் இருந்தது. மொதலாளிக்கு வாயெல்லாம் பல். பதினேழு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் ஆறு வருஷம்தான் பார்த்தேன், மிச்சத்தைப் பேக்கிங் செக்ஷனில் சொன்னார்கள்.

பூங்கோதைக்கு இருபத்து மூன்று வயது. எம்.எஸ்சி. கணக்கு. கம்பெனிக்குப் பின்னால்தான் வீடு. அந்த வீட்டில் மெதுவாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். மாப்பிள்ளையை அவள் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அவளே பதில் சொல்ல வேண்டும். மொதலாளியும் என் காதுபடச் சத்தியம் செய்தார்.

"நீ பாத்து, சரின்னு உன் வாயால சொன்னாத்தான் கண்ணு உப்புச்சக்கரை. இல்லாட்டி இல்ல."

உப்புச்சக்கரை என்றால் விளையாட்டில்லை. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் கவுண்டமார் வீட்டில் கல்யாணம் முடிவானது என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஆனால் பார்ப்பது எப்படி? பையன் தை மாதம்தான் வருவான், பதினைந்து நாள் லீவு, வந்ததும் தாலி. மொதலாளியே அவனைக் கடைசியாகப் பார்த்தது அரை டவுசர் போட்ட வயசில். போட்டோ கேட்டு அனுப்பினால் செங்கோட்டையன் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து விட்டார். "போட்டோ எதுக்குங்க? அவன் கம்ப்யூட்டர்லயே இருக்கிறானுங்க" என்று பெருமை வேறு. சீட்டில் பையனுடைய ஹோம்பேஜ் விலாசம்.

சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி ஞாயிற்றுக்கிழமை பூங்கோதைக்கு அதைக் காட்டுவது என்று முடிவானது. அதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று சனிக்கிழமை காலை மொதலாளி என் அறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மோடம் கத்தி முடித்து, லைன் கிடைத்து, பக்கம் வந்தது. செங்கல் சுவர் மாதிரி பின்னணி. மேலே 'என் பக்கத்துக்கு வரவேற்கிறேன்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே போட்டோ மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. வானம் வந்தது. ஒரு பாலத்தின் உச்சி வந்தது. கொஞ்சம் தலைமுடியும் நெற்றியும் வந்தது. திரை முடிந்துவிட்டது.

"மீதி எங்கீங்க அம்மணி?" என்றார்.

"கீழ இருக்குதுங்க. இழுத்துத்தான் பாக்கணும்."

"இழுத்தா?"

"தலை மேல போயிருமுங்க, கால் வரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பையனின் தலையை நானே சீவிவிட்ட மாதிரி இருந்தது. "கழுத்து ஒருக்கா, கால் ஒருக்கான்னு பாக்கறதுக்கு இதென்ன ஆட்டுச் சந்தையா? நாளைக்கு ஒரம்பரை அத்தனை பேரும் வாராங்க. மாப்பிள்ளை தலையில இருந்து கால் வரைக்கும் ஒரே பார்வையில நிக்கோணும்."

அந்த நேரம் பார்த்துப் பேக்கிங் செக்ஷனில் யாரோ போனை எடுத்து லாரி ஆபீசுக்கு நம்பர் சுற்றினார்கள். கம்பெனிக்கு ஒரே லைன்தான், ஊடே எவன் ரிசீவரை எடுத்தாலும் அமெரிக்கா அறுந்துவிடும். அறுந்தது. மாப்பிள்ளை நெற்றியோடு நின்றுபோனார்.

மொதலாளி அதைக் கவனிக்கவே இல்லை. சட்டைப் பையில் இருந்து இரும்பு டேப்பை எடுத்தார். அது எப்போதும் அவர் பையில் இருக்கும், கேஸ் கொடுத்த பழக்கம். திரையின் உயரத்தை அளந்தார். எட்டு இஞ்ச். அப்புறம் மேலேயும் கீழேயும் இருந்த பட்டைகளை அளந்தார்.

"எட்டுல மூணு இஞ்ச் போயிருச்சுங்களே!" என்று அலறினார். "நம்ம கம்ப்யூட்டரு, நம்ம கரண்டு, நம்ம போன் லைனு. இதுல மூணு இஞ்ச் எவனோ ஆக்கிரமிச்சு வச்சிருக்கான். நீங்களும் ஆறு மாசமா பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கறீங்க!"

எனக்கு எப்படி இருக்கும்? "அது ஆக்கிரமிப்பு இல்லீங்க மொதலாளி, இன்டர்நெட்டைக் காட்டற நெட்ஸ்கேப்பு ப்ரோகிராமுங்க. அது அப்படித்தான் வருமுங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. எழுத்தைச் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும் என்று திரையின் அளவை மாற்றிக் காட்டினேன். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை குள்ளமாகத் தெரிவான் என்று அதையும் வேண்டாமென்றார்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. ஒவ்வொரு பட்டையாக விரலை வைத்தார்.

"இது யாருங்க?"

"பின்னால போக, முன்னால வர பட்டனுங்க."

"நாம எதுக்குங்க பின்னால போறோம்? எடுத்துருங்க."

வியூ மெனுவுக்குப் போய் மறைத்தேன். முக்கால் இஞ்ச் கிடைத்தது. அவர் முகத்தில் ஒரு களை வந்தது.

"இது?"

"நமக்குப் பிடிச்ச எடங்களை வச்சுக்கற பட்டைங்க."

"பிடிச்ச எடத்துல வேலியே போட முடியல, இதுல பட்டை வேறயா. எடுத்துருங்க."

எடுத்தேன்.

"இந்த நீளமா ஒண்ணு கெடக்குதே?"

"அது விலாசமுங்க. எந்தப் பக்கத்துல இருக்கறோம்னு காட்டும். அது மட்டும் இருக்கட்டுமுங்க."

"விலாசம் நம்ம கையில சீட்டுல இருக்குதல்லங்க? நம்ம ஊட்டுக்குள்ள உக்காந்துட்டு நம்ம விலாசத்த எவனாச்சும் செவுத்துல எழுதி வைப்பானுங்களா? அதுவே அரை இஞ்ச் தின்னுது."

"இருக்கட்டுமுங்க மொதலாளி."

"எடுத்துருங்கம்மணி."

எடுத்தேன். அன்றைக்கு நான் கொஞ்சம் கூடுதலாகக் கோபப்பட்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் என்னைக் கோபக்காரி என்கிறது, கோபப்பட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு எடுத்துவிட்டேன். விலாசம் அடிக்க வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் ஒரு பெட்டி திறந்து அடித்துக்கொள்ளலாம் என்பதால் எனக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

கடைசியில் திரைக்கு அடியில் இருந்த விண்டோஸ் பட்டையையும் தானாக ஒளிந்துகொள்ளும்படி செய்தேன். மொதலாளி மறுபடி அளந்தார். இரண்டு இஞ்ச் மீட்டிருந்தோம். பதினேழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தும் ஒரு அடி கிடைக்காதவருக்கு அரை மணி நேரத்தில் இரண்டு இஞ்ச். பேக்கிங் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வீட்டு ஆட்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். என் கண்ணாடி அறையில் நான்கு பேர் நின்றாலே மூச்சு முட்டும். மொதலாளியின் மனைவி குழந்தையம்மாள் பட்டுச்சேலையில் வந்து மானிட்டருக்குப் பொட்டு வைத்தார். நான் திரையின் கண்ணாடியில் மட்டும் வைக்க வேண்டாமென்று கெஞ்சி நெற்றியைக் காட்டினேன், அதாவது மேல் விளிம்பை.

வந்தவர்களில் மூத்தவர் பாலுசாமி, மொதலாளியின் பெரியப்பா மகன். இவருக்கு ஒரு பழக்கம், எதைப் பார்த்தாலும் அமுக்கிப் பார்ப்பார். மாம்பழம், சோபா, ஃபேன் சுவிட்ச், அடுத்தவர் வீட்டுக் குழந்தையின் கன்னம், எதையும் விட மாட்டார். அவரைத்தான் மொதலாளி மரியாதைக்காக என் நாற்காலியில் உட்கார வைத்தார். மௌஸுக்கு நேர் எதிரே.

நான் விலாசத்தை அடித்து, பக்கம் வர ஆரம்பித்ததும் மொதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீங்க போயிப் பேக்கிங்ல போன்கிட்ட நின்னுக்குங்க. எவனும் எடுத்துறக் கூடாது. நேத்து மாதிரி நெத்தியோட நின்னுபோச்சுன்னா மானம் போயிரும்."

கேட்டீர்களா? அந்தக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்தி. என்னைப் போனுக்குக் காவல் வைத்தார். அங்கே போய் ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்து என் அறையில் இருந்து "ஆஹா!" என்று ஒரு சத்தம். ஓடி வந்து எட்டிப் பார்த்தேன்.

திரையில் ஒரு பையன் தலை முதல் கால் வரை முழுசாக நின்றான். பின்னால் அதே பாலம், அதே வானம், அதே செங்கல் சுவர். நல்ல உயரம், அகன்ற தோள், கறுப்புக் கோட்டு, சினிமாக்காரன் மாதிரி ஒரு சிரிப்பு. பூட்ஸ் வரைக்கும் தெரிந்தது. மொதலாளி பூட்ஸுக்குக் கீழே டேப்பை வைத்து இன்னும் கால் இஞ்ச் மிச்சம் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"மூக்கு எடுப்பா இருக்குதல்லங்க!" என்றார் குழந்தையம்மாள்.

"செங்கோட்டையனுக்கு இப்படி ஒரு மகனா? அம்மா வழியா இருக்குமுங்க" என்றது ஒரு குரல்.

பூங்கோதை கதவோரம் காபித் தட்டோடு நின்றிருந்தாள். எல்லோரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். "பிடிச்சிருக்குதா கண்ணு?" "என்னம்மணி, பிடிச்சிருக்குதா?" "சொல்லு சாமி!" பதினான்கு பேரும் கேட்டார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே "ம், சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். புதன்கிழமை உப்புச்சக்கரை என்று அங்கேயே முடிவானது. வராத ஒரம்பரை வந்தால் காட்டலாம், அந்தப் பக்கத்தை மூடவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மொதலாளி உத்தரவு போட்டார். லைனை மட்டும் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளையைச் சுவரில் மாட்டின காலண்டர் மாதிரி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு வேலை கிடந்தது. விலாசம் அடிக்க ஒவ்வொரு தடவையும் ஃபைல் மெனுவுக்குப் போக எனக்குப் பொறுமையில்லை. மொதலாளி வருவதற்குள் அந்த விலாசப் பட்டையை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று வியூ மெனுவைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினேன். பட்டை வந்தது. அதில் கிருபா என்று முடிய வேண்டிய விலாசம் பாலகோபால் என்று முடிந்திருந்தது.

துண்டுச் சீட்டை எடுத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன்.

கீழே இழுத்துப் படித்தேன். 'என் பெயர் பாலகோபால், சொந்த ஊர் விஜயவாடா, என் ரூம்மேட் கிருபாசங்கரின் பக்கத்துக்குப் போக இங்கே அமுக்கவும்.' லைனைப் போட்டு அங்கே அமுக்கினேன். கிருபாசங்கரின் பக்கம் வந்தது. அதிலும் அதே செங்கல், அதே வரவேற்பு, அதே பாலம். இரண்டு பேரும் ஒரே நாளில் போய்ப் போட்டோ எடுத்து, ஒரே அச்சில் பக்கம் செய்து வைத்திருக்கிறார்கள். இதிலும் நீல எழுத்தில் ஒரு வரி, 'என் ரூம்மேட் பாலகோபாலைப் பார்க்க இங்கே அமுக்கவும்.'

போட்டோ இறங்குவதற்குள் பாலுசாமி அதை அமுக்கியிருக்கிறார். வேறு யார் அமுக்குவார்கள்? பக்கம் மாறியது ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. தெரிய வைக்கிற ஒரே பட்டையை அரை இஞ்சுக்காக நானே மறைத்து வைத்திருந்தேன்.

நிஜக் கிருபாசங்கர் இப்போது கோடு கோடாக இறங்கினார். ஒல்லி. கண்ணாடி. வெயிலில் கண் பாதி மூடியிருந்தது. முன் தலையில் முடி கிளம்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கோட்டு இல்லை, ஒரு ஸ்வெட்டர், அதுவும் யாரோ கொடுத்தது மாதிரி பெரிதாக. பாவம், கெட்ட முகம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை "ஆஹா" சொன்ன முகம் இது இல்லை.

அந்த நேரத்தில் மொதலாளி ஜிலேபிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "இது யாருங்க அம்மணி, எகிப்துக்காரனா?" என்றார்.

சொன்னேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஜிலேபிப் பொட்டலம் கீபோர்டு மேல் உட்கார்ந்தது. முதலில் பாலுசாமியைத் திட்டினார். அப்புறம் அமெரிக்காவைத் திட்டினார். கதவைச் சாத்திவிட்டு வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"கோமளா அம்மணி, இது நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க. புதன்கிழமை உப்புச்சக்கரை மாத்திப்போடலாம். தை மாசம் பையன் வாரப்ப, அமெரிக்காவுல தண்ணி சேரலை, எளைச்சுட்டான்னு சொல்லிக்கலாமுங்க."

"மூக்குமா எளைக்குமுங்க?"

"மெல்லப் பேசுங்க அம்மணி!"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வேலை போனால் போகட்டும் என்று எழுந்து நின்றேன். "ஏனுங்க மொதலாளி, ஒரு சென்ட் நெலம் வாங்கறதுன்னாக் கூட நீங்க சர்வே நம்பர் பாக்காம கையெழுத்துப் போடுவீங்களா? நான் இருக்கட்டும்னு சொன்ன அந்தப் பட்டைதானுங்க சர்வே நம்பரு. அதைப் பேத்து எறிஞ்சுபோட்டு யாரோ ஒருத்தன் தோட்டத்தைக் காட்டி, அந்தப் புள்ளைகிட்ட சரின்னு வாங்கியிருக்கறோம். நீங்க சத்தியம் பண்ணுனீங்க. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீங்க சொல்றீங்களா, இல்ல நான் போயி சொல்லட்டுங்களா?"

மொதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். கணக்குப் பார்க்கிற ஆள் கணக்கில் தோற்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார். எனக்கே பொக்கென்று போய்விட்டது. அப்புறம் அவரே எழுந்து பின் கதவைத் திறந்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கண்ணு, பூங்கோதை! இங்க ஒரு எட்டு வா சாமி."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மொதலாளி எதையும் முழுங்காமல் சொன்னார், அதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும். நீ நேத்துப் பார்த்தது வேறு ஒருத்தன், மாப்பிள்ளை இவன், தப்பு என்னுது என்றார். பூங்கோதை அழுவாள் என்று நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் அழவில்லை. "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்கப்பா" என்றாள்.

"அதெப்படி கண்ணு?"

"நேத்து நான் யாரையும் பாக்கலீங்க. பாலுசாமி பெரியப்பா முதுகு தெரிஞ்சுது. அம்மா கொண்டைப்பூ தெரிஞ்சுது. நீங்க டேப்பு புடிச்சுட்டு நின்ன கை தெரிஞ்சுது. ஒருக்கா மட்டும் பூட்ஸு தெரிஞ்சுதுங்க."

மொதலாளி அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தார். "பொறவு ஏன் கண்ணு சரின்னு சொன்ன?"

"பதினாலு பேரும் பிடிச்சிருக்குதா பிடிச்சிருக்குதான்னு கேட்டீங்க. தெரியுதான்னு ஒருத்தரும் கேக்கலீங்கப்பா."

மூன்று இஞ்சை மீட்பதற்கு என்னென்ன செய்தோம்! பார்க்க வேண்டியவளுக்கு ஒரு அடி நிற்க இடம் விட வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நான் போனைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மொதலாளி என் நாற்காலியை இழுத்து மானிட்டருக்கு நேரே போட்டார். தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். "உக்காரு சாமி" என்றார். "நல்லாப் பாரு. எத்தனை நேரமானாலும் பாரு. எவனும் உள்ள வர மாட்டான். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. கேஸு இன்னும் பதினேழு வருஷம் நடந்தா நடந்துட்டுப் போவுது."

அவள் உட்கார்ந்தாள். அவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அந்த விலாசப் பட்டையை எடுத்துறச் சொல்லட்டுமா கண்ணு? எடம் கெடைக்கும்" என்றார். திருந்துகிற ஜென்மமா அது!

"இருக்கட்டுங்கப்பா. யாரைப் பாக்கறேன்னு எனக்குத் தெரியோணுமல்ல."

நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து லேத் பக்கத்தில் நின்றோம். மொதலாளி லேத் ஓட்டுகிறவரை நிறுத்தச் சொன்னார். பெயிண்ட் அடிக்கிறவர்களை டீக்குப் போகச் சொன்னார். பேக்கிங்கில் போன் பக்கம் தானே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பூங்கோதை போட்டோவை ஒரு நிமிஷம்தான் பார்த்தாள். அப்புறம் கீழே இழுத்துப் படிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு வரியாக. கால் மணி நேரம் ஆனது.

திடீரென்று உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். மெதுவாகப் பேசுகிற பெண் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. மொதலாளி என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

"என்ன கண்ணு, என்ன?"

"சொந்த ஊரைப் பத்தி எழுதியிருக்கறாருங்கப்பா. அக்கா, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. எனக்குச் சிரிப்பு வருது."

மொதலாளிக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் குனிந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். 'எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் பதினோரு அடி நிலம் இருக்கிறது. அதற்காக என் அப்பாவும் பக்கத்துத் தோட்டக்காரரும் பதினேழு வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக அளக்கப்பட்ட நிலம் அதுவாகத்தான் இருக்கும். அதில் ஒரே ஒரு வேலமரம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரில் ஒருத்தர் கூட அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை.'

படித்து முடிக்கும்போது என் குரல் தேய்ந்துவிட்டது. மொதலாளி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்பா, நான் இவருக்கு ஒரு லெட்டர் எழுதறேனுங்க" என்றாள் பூங்கோதை. "சரியா வேண்டாமான்னு பதில் வந்த பொறவுதான் சொல்லுவேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒரு விரலால் தட்டினாலும் நிறுத்தாமல் தட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். முடித்ததும் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். மொதலாளி என் முழங்கையைத் தொட்டு, "என்னங்க எழுதியிருக்குது?" என்றார்.

வாய்விட்டுப் படித்தேன். 'என் பெயர் பூங்கோதை. நீங்கள் எழுதிய பக்கத்துத் தோட்டக்காரரின் மகள். நேற்று உங்கள் ரூம்மேட்டைக் காட்டி என்னைக் கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பதினோரு அடியில் ஒரு வேலமரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மரம் இருக்கிறது. ஒழுங்காக எண்ணத் தெரியாதவருக்குக் கணக்குப் படித்தவள் எப்படிக் கழுத்தை நீட்டுவது? விவரமாகப் பதில் எழுதவும்.'

மொதலாளி ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை, பெயிண்ட் காயப் போட்ட மோட்டார்கள்தான். நான் என் டிபன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினேன், வேலை போனால் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டுமே.

"புதன்கிழமை ஒண்ணும் கெடையாதுன்னு செங்கோட்டையனுக்கு நானே சொல்லிப்போடறேன்" என்றார் திரும்பாமலே. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மகள் பக்கம் வந்து குனிந்தார். "ஆனா கண்ணு, ரெண்டு மரம்னு எழுதாத. மூணு. கிழக்கால ஒண்ணு சின்னதா இருக்குது, போன மழையில மொளைச்சது. நாம தப்பா எழுதிக் குடுத்தா நாளைக்கு அந்தப் பையன் கோர்ட்டுல கொண்டுபோயிக் காட்டுவான்."

பூங்கோதை இரண்டை அழித்து மூன்று என்று போட்டுவிட்டு, அனுப்புகிற பட்டனை அவளே அமுக்கினாள்.